உப்புமா சாப்பிட்டவர்கள் கை தூக்கவும்

என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு வந்து சேர்ந்த பொன்னாடைகளை என்ன செய்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. போர்த்திக்கொண்டால் கழுத்தில் குத்தும். தரை துடைக்கலாம் என்றால் தண்ணீரை இழுக்காது. யாருக்காவது தள்ளிவிடலாம் என்றால் செங்கல்பட்டில் நாலு கூட்டத்துக்குப் போய்வந்த எல்லார் வீட்டு பீரோவிலும் அதே ஜரிகை மூட்டை. அவர் பெயரில் வருஷா வருஷம் நடக்கிற உதவித்தொகை விழாவில் என்னை மேடையில் உட்காரவைத்து, என் இனிஷியலைத் தப்பாகச் சொல்லி, தோளில் ஒன்றைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். நான் வீட்டுக்கு வந்து அலமாரியின் மேல்தட்டில் எறிவேன்.

அவர் பொறியியல் கல்லூரியில் சிவில் பேராசிரியர். பாடம், ஸ்ட்ரெந்த் ஆஃப் மெட்டீரியல்ஸ். உத்தரத்தின் மேல் பாரம் ஏற்றினால் எங்கே வளையும், கம்பியை இழுத்தால் எப்போது அறும் என்று கணக்குப் போடுகிற பாடம். சிவில் பையன்களில் பாதிப் பேர் கவிழ்வது அந்தப் பேப்பரில்தான். கவிழ்ந்தால் அரியர். அடுத்த செமஸ்டரில் மறுபடியும் எழுத வேண்டும், அதிலும் போனால் அதற்கும் அடுத்ததில். கல்லூரியில் அவருக்கு ரொம்பக் கண்டிப்பானவர் என்று பெயர். காலில் விழுந்தாலும் ஒரு மார்க் கூட்டிப்போட மாட்டார்.

கவிழ்த்துவிட்டுச் சும்மா இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அரியர் வைத்த அத்தனை பேரையும் எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லிவிடுவார். நான் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். வாரம் முழுக்கத் தொண்டை வறளக் கத்திவிட்டு, ஒரு நாளாவது கொஞ்சம் அதிக நேரம் தூங்கலாம் என்று நினைப்பவளுக்கு, விடிந்தால் வாசலில் செருப்புக் குவியல். கூடத்தில் கால் வைக்க இடம் இருக்காது. என் தையல் மெஷின் மேல்கூட ஒருத்தன் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருப்பான். ட்யூஷன் பீஸ் வாங்கினாரா, பைசா கிடையாது. போதாததற்கு, "பசங்க வெறும் வயித்தோட பஸ் ஏறி வந்திருக்காங்க, ஏதாவது பண்ணு" என்பார்.

ரவை உப்புமாதான், வேறு எதுவும் நடக்காது என்று முதல் வாரமே சொல்லிவிட்டேன். வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்து, கட்டியாகக் கிளறி, வெங்காயம்கூடக் கஞ்சத்தனமாகப் போட்டேன். அடுத்த வாரம் ஒருத்தனும் எட்டிப் பார்க்க மாட்டான் என்று நம்பிக்கை. வந்தார்கள். கூட ரெண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வந்தார்கள்.

அந்த உப்புமாவையும் அவர் விட்டுவைக்கவில்லை. கான்கிரீட் கலந்ததும் அது எவ்வளவு இளகியிருக்கிறது என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அடியில்லாத தகரக் கூம்பில் கலவையைக் குத்தி அடைத்து, கூம்பை மெதுவாக மேலே தூக்குவார்கள். கலவை எவ்வளவு கீழே சரிகிறதோ அதற்கு ஸ்லம்ப் என்று பெயர். இவர் என்ன செய்வார், என் உப்புமாவை டம்ளரில் அடைத்து, தட்டில் கவிழ்த்து, டம்ளரை எடுப்பார். உப்புமா டம்ளர் மாதிரியே விறைப்பாக நிற்கும். எல்லாரும் குனிந்து பார்ப்பார்கள். "ஜீரோ ஸ்லம்ப். ரோடு போடலாம்" என்பார். கூடமே சிரிக்கும். கரண்டியோடு அடுக்களையில் நிற்கிறவளுக்கு எப்படி இருக்கும் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. பல வருஷம் இப்படியே ஓடியது. ஆனால் அந்தப் பையன்கள் பாஸ் செய்தார்கள். அதையும் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் செருப்பு இல்லை. எவ்வளவோ நாள் நான் வேண்டிக்கொண்டது அது. என்னால் வாசல் பக்கம் பார்க்கவே முடியவில்லை.

அவருடைய பழைய மாணவர்கள் சேர்ந்து பாங்கில் ஒரு தொகையைப் போட்டு, அதன் வட்டியில் வருஷத்துக்கு ஒரு சிவில் மாணவருக்கு அவர் பெயரில் உதவித்தொகை தருவது என்று முடிவு செய்தார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. விதிமுறைகளைப் பார்த்ததும் சந்தோஷம் போய்விட்டது. ஏழ்மையான குடும்பமாக இருக்க வேண்டும், சரி. நன்றாகப் படிக்க வேண்டும், அதுவும் சரி. மூன்றாவது விதி, படிப்பில் ஒருமுறைகூட அரியர் வைத்திருக்கக் கூடாது. பிறகு எழுதிப் பாஸ் செய்திருந்தாலும் கிடையாது. 'நோ ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்' என்று அதற்கு ஒரு பெயர். ஏதோ போலீஸ் ஸ்டேஷனில் கேஸ் இருப்பது மாதிரி.

இந்த விதியைப் போட்டது யார்? கமிட்டித் தலைவர். நாவலூர் பக்கம் அடுக்குமாடிகளாகக் கட்டித் தள்ளிக்கொண்டிருந்த பில்டர். என் கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஸ்ட்ரெந்த் பேப்பரை மறுபடி மறுபடி எழுதி, கடைசியில் என் வீட்டுக்காரர் தயவில் கரை ஏறியவர். ரெண்டாம் தடவை உப்புமா கேட்டு வாங்கிச் சாப்பிட்ட ஒரே ஆள் என்பதால் எனக்கு அந்த முகம் மறக்காது.

செயலாளர் வேறு மாதிரி. அவர்தான் இப்போது என் வீட்டுக்காரரின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற துறைத் தலைவர். எப்போதும் இஸ்திரி கலையாத சட்டை, எதற்கெடுத்தாலும் "ரூல்ஸ் மேடம்". இவர்கள் ரெண்டு பேரும் சேர்ந்துதான் விழாவை நடத்துவார்கள். குத்துவிளக்கு, வரவேற்புரை, கதவு அகலத்துக்கு அட்டையில் செய்த ஒரு செக், அதைப் பிடித்துக்கொண்டு போட்டோ. பில்டர் ஒவ்வொரு வருஷமும் ஒரே பேச்சைப் பேசுவார். "சார் ரொம்பக் கண்டிப்பானவர். ஒரு நாள் நான் லேபுக்கு லேட்டா போனேன். சார் கதவைச் சாத்திட்டார். அன்னிக்கு மூடின கதவுதான் என் வாழ்க்கையைத் திறந்துச்சு." கை தட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை திறந்தே கிடந்த என் வீட்டுக் கதவைப் பற்றி ஒரு வார்த்தை வராது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் ஒரு வருஷம், விழாவுக்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு பெண் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மகாபலிபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மகாபலிபுரத்துக்கு அந்தாண்ட குப்பம் மா. சிவில் மூணாவது வருஷம். சாரு ஸ்காலர்ஷிப்புக்குப் போட்டேன், இல்லன்னுட்டாங்க."

"ஏன்?"

"அரியர் ஹிஸ்டரி கீதாம்."

"இருக்கா?"

"கீது மா" என்றாள். கண்ணைத் தாழ்த்தவில்லை. "போன வருசம் மழையில எங்க நைனா கடலுக்குப் போட்டு எடுத்துகினு போனவரு ரெண்டு நாளா கரைக்கு வரல. எங்கம்மா கடக்கரையில மயங்கி வியுந்துடுச்சி. அன்னிக்கித்தான் ஸ்ட்ரெந்த் பரீட்ச. நா எங்கேர்ந்து போயி எயுதறது? ஆப்சென்ட்டுன்னு போட்டாங்க. ஆப்சென்ட்டும் அரியர்தானாம்."

"அப்பா வந்துட்டாரா?"

"ஆளு வந்தாரு மா. போட்டு போச்சி."

"பேப்பர் திரும்ப எழுதினியா?"

"அடுத்த செமஸ்டர்லயே எயுதிட்டேன். எயுதனவங்கள்ல நாந்தான் பஸ்ட்டு."

மாசக் கடைசிக்குள் பீஸ் கட்டியாக வேண்டும். அவள் மாமா கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஓட்டலில் ரிசப்ஷன் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டார். கட்டாவிட்டால் அங்கே சேர்ந்துகொள்ள வேண்டும். "சேந்துட்டா அப்பறம் எங்க மா படிக்கிறது" என்றாள்.

நான் கட்டுகிறேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டாள். "ஒங்க கையில வாங்கறதுக்கு வரல மா. எங்க மாமா, பெயிலான பொண்ணுக்கு எதுக்குப் படிப்புன்னு கேட்டுகினே கீறாரு. ஊரே அப்பிடித்தான் நெனச்சிகினு கீது. சாரு பேர்ல குடுத்தாங்கன்னா வாய மூடுவாங்க. ஒங்க துட்டு வாங்கனா கடன்னுவாங்க."

எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. இந்த மாதிரி ஒரு மாணவி கிடைத்தால் என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமையோடு சனிக்கிழமையையும் சேர்த்திருப்பார். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இங்க வந்து போ, நான் கேட்டுச் சொல்றேன்" என்று அனுப்பிவைத்துவிட்டு, அன்றைக்கே செயலாளருக்குப் போன் போட்டேன்.

"ரூல்ஸ்ல இடமில்ல மேடம்."

"யார் போட்ட ரூல்ஸ்?"

"கமிட்டி போட்டது."

"கமிட்டின்னா யாரு?"

"தலைவர்தான் மேடம் சொல்லணும்."

தலைவருக்குப் போட்டேன். "அதெல்லாம் செயலாளர்தாம்மா பாக்கறார்" என்றார். மறுபடி செயலாளர். அவர் திரும்பவும் தலைவர். இந்தப் பக்கம் ஒரு உதை, அந்தப் பக்கம் ஒரு உதை, நடுவில் நான். போன் பில் ஏறியதுதான் மிச்சம். சரி, நேரிலேயே போய்விடலாம் என்று பஸ் மாறி மாறி நாவலூருக்குப் போனேன்.

ஆபீஸ் முழுக்கக் கண்ணாடி. உள்ளே பொம்மை அடுக்குமாடி, பொம்மை மரம், பொம்மைக் கார். குளிரூட்டிய அறையில் காக்கவைத்து இளநீர் கொடுத்தார்கள். பில்டர் வந்ததும் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அதில் எல்லாம் குறை சொல்ல முடியாது. விஷயத்தைச் சொன்னேன்.

"அம்மா, சார் எவ்ளோ கண்டிப்புன்னு உங்களுக்குத் தெரியாததா? அரியர் வெச்சவங்களுக்குக் குடுத்தா சார் ஆத்மா ஒத்துக்குமா?"

"சாரோட ஆத்மாவைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா? உனக்கு ஸ்ட்ரெந்த்ல அரியர் இருந்ததா இல்லியா?"

அவர் சட்டென்று கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அம்மா, மெதுவா. ஸ்டாப் இருக்காங்க" என்றார்.

அவ்வளவு பெரிய மனிதர், அத்தனை மாடி கட்டியவர், டைப் அடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்தார். இளநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் பஸ் ஜன்னலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். கோபத்தில் வருகிற அழுகை, துடைக்கத் துடைக்க வந்தது. என்னோடு அவ்வளவு வருஷம் வாழ்ந்த மனிதரை இவர்கள் எடுத்துக்கொண்டு போய், கதவைச் சாத்துகிற ஆளாக ஆக்கிவிட்டார்கள். கவிழ்ந்தவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பென்சிலால் உத்தரம் வரைந்து காட்டின மனிதரை எங்கேயோ தொலைத்துவிட்டார்கள்.

விழாவுக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். பிறகு, போகாவிட்டால் அவர்களுக்கு வசதியாகப் போய்விடும் என்று போனேன். கல்லூரி அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசைகளில் பழைய மாணவர்கள் மனைவி மக்களோடு. பின்னால் இப்போது படிக்கிற பிள்ளைகள். கடைசி வரிசையில் அந்தப் பெண்ணும் இருந்தாள். அந்த வருஷம் தேர்வான பையன் நல்ல பையன், அவனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அட்டைச் செக்கை அவன் கையில் கொடுத்துவிட்டு, என்னை ஆசி வழங்கச் சொன்னார்கள். வழக்கமாக ரெண்டு வார்த்தை சொல்லி உட்கார்ந்துவிடுவேன். அன்றைக்கு மைக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"சார் ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல அரியர் கிளாஸ் எடுப்பார். வந்தவங்களுக்கு நான் உப்புமா போட்டிருக்கேன். இந்த அரங்கத்துல அந்த உப்புமா சாப்பிட்டவங்க எல்லாம் கொஞ்சம் கை தூக்குங்க, பார்க்கலாம்."

ஒரு கைகூட உயரவில்லை.

எனக்கு முகம் தெரிந்தவர்களே அங்கே எத்தனை பேர். ஒருத்தர் செல்போனை எடுத்துப் பார்த்தார். ஒருத்தர் குழந்தையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். இன்னொருத்தர் மின்விசிறியை முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தார். பில்டர் என் பக்கத்தில் மேடையிலேயே, கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வரிசையில் அவர் பையன், கல்லூரி வயது, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். செயலாளர் எழுந்து வந்து, என் கையிலிருந்து மைக்கைப் பதமாக வாங்கி, "நேரம் கருதி அடுத்து நன்றியுரை" என்றார்.

பொன்னாடையை அன்றைக்கு நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்தேன். பியூனை விட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார்கள். அதற்கும் தப்ப முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒரு பெரிய கார் வந்து நின்றது. பில்டர் இறங்கினார், தனியாக. டிரைவரைக்கூட அழைத்து வரவில்லை. கூடத்துக்குள் வந்தவர் சோபாவில் உட்காராமல் ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்தார். எனக்குப் பேசப் பிடிக்கவில்லை. என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

"அந்தப் பொண்ணுக்கு நானே கட்டிடறேம்மா. யாருக்கும் தெரிய வேணாம்" என்றார்.

"அவ பிச்சை கேக்கல. சார் பேர்ல கேக்கறா. நீ ராத்திரியில திருடன் மாதிரி தர்மம் பண்ணுவே, மேடையில ஏறி ரூல் பேசுவே. எழுந்து போப்பா."

அவர் போகவில்லை. "நாஸ்தா ஆச்சாம்மா? உப்புமா இருக்கா?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனாலும் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன். பழக்கதோஷம். தட்டும் டம்ளரில் தண்ணீருமாகக் கொண்டுவந்து வைத்தேன். அவர் தண்ணீரைக் குடித்தார். பிறகு டம்ளரில் உப்புமாவை அள்ளி அள்ளி அடைத்தார், ஸ்பூனால் குத்தினார், தட்டில் கவிழ்த்தார், டம்ளரை எடுத்தார். அது அப்படியே நின்றது. "ஜீரோ ஸ்லம்ப் மா. மாறவே இல்ல" என்றவர், வாயைக் கையால் மூடிக்கொண்டு குலுங்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பெண் உள்ளே வந்தாள், ஞாயிற்றுக்கிழமை வா என்று நான் சொல்லியிருந்தேனே. கோட்டும் சூட்டுமாக மேடையில் பார்த்த ஆள் தரையில் உட்கார்ந்து அழுவதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பிறகு தட்டைப் பார்த்தாள். "இன்னா மா, உப்புமாவுல ஸ்லம்ப் டெஸ்ட்டா?" என்று சிரித்துவிட்டாள்.

பில்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சிவிலா?"

"ஆமா சார். மூணாவது வருசம்."

"ஸ்ட்ரெந்த் பாஸா?"

"அரியர் வெச்சி பாஸ் பண்ணேன் சார்." டீ குடித்தேன் என்பது மாதிரி சொன்னாள்.

இவர்தான் அவர், இவள்தான் அவள் என்று நான் ஒன்றும் அறிமுகம் செய்யவில்லை. அவருக்கே புரிந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நானுந்தாம்மா" என்றார். அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். "நான் ரொம்பத் தடவ வெச்சேன்."

"இத மேடையில சொல்றதுக்கு என்னப்பா கேடு உனக்கு?" என்றேன்.

"எம் பையன் முன்னால உக்காந்திருந்தாம்மா. அவனும் சிவில்தான் படிக்கிறான். ரெண்டு செமஸ்டரா ஸ்ட்ரெந்த்ல போயிகினே கீது." படித்த பேச்செல்லாம் அந்த இடத்தில் அவருக்குக் கழன்றுவிட்டது. "தெனம் அவனப் போட்டுத் திட்றேன். எங்க சார் இருந்தா உன்ன வாசல்லயே நிக்க வெச்சிருப்பாருன்னு சொல்லித்தாம்மா திட்றேன். இப்ப நானே பெயிலான ஆளுன்னு தெரிஞ்சா அவன் என்ன மதிப்பானா?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஒருத்தன் தன் பையனைத் திட்டுவதற்கு ஒரு பூச்சாண்டி வேண்டும். அதற்கு என் வீட்டுக்காரர் கிடைத்தார். அந்தப் பூச்சாண்டி கெட்டுப்போகாமல் இருக்க ஒரு விதி வேண்டும். அந்த விதிக்காக ஒரு பெண் படிப்பை விட்டுவிட்டு ஓட்டல் கவுண்ட்டரில் நிற்க வேண்டும். இதை எந்த உத்தரக் கணக்கில் போட்டுப் பார்ப்பது?

"உங்க சார் வாசல்ல நிக்க வெக்க மாட்டார். இதே ஜன்னலோரம் உக்கார வெச்சிருப்பார். பையனை அடுத்த ஞாயித்துக்கிழமை அனுப்பு" என்றேன்.

"யாரும்மா சொல்லிக் குடுப்பாங்க?"

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் தட்டில் நின்ற உப்புமாவை விரலால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நா சொல்லித் தரேன் சார். அது ஒண்ணும் பெரிய பேஜாரு இல்ல" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை மறைக்கக் கூடாது. என் வீட்டு லேண்ட்லைனிலிருந்தே செயலாளரைக் கூப்பிட்டு, மூன்றாவது விதியை எடுத்துவிடச் சொன்னார், இந்த வருஷமே ரெண்டாவதாக ஒரு உதவித்தொகை அந்தப் பெண்ணுக்கு என்றார். அந்தப் பக்கம் செயலாளர் "ரூல்ஸ் சார், ரூல்ஸ்" என்று கத்தியது எனக்கே கேட்டது. "ரூல போட்டவன் நாந்தான்யா, எடுக்கறவனும் நாந்தான்" என்று வைத்துவிட்டார். மாசக் கடைசிக்குள் கமிட்டி செக்கிலேயே பீஸ் கட்டியாயிற்று. ஆனால் மேடையில் கொடுத்துப் போட்டோ எடுத்தால்தான் கொடுத்ததாகக் கணக்காம், செயலாளர் பிடிவாதம். வருஷக் கடைசியில் நடக்கிற பழைய மாணவர் சந்திப்பில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பீஸ் கட்டியது அரசல்புரசலாகத் தெரிந்தும், மாமா மட்டும் மேடையைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று ஓட்டல் வேலையை அப்படியே பிடித்து வைத்திருந்தார்.

நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பில்டர் பையன் வந்தான். தன்னோடு கவிழ்ந்த சிநேகிதர்களையும் சேர்த்துக்கொண்டு வந்தான். வாசலில் செருப்பு. தையல் மெஷின் மேல் நோட்டு. அந்தப் பெண் அவனை, "இன்னாடா இது, பாரத்த அந்தாண்ட போட்டுட்டு இந்தாண்ட கணக்குப் போட்ற?" என்று வாங்கு வாங்கென்று வாங்குவாள். நான் ரவை வறுத்தேன். சாரின் 'ரோடு போடலாம்' கதையும் அவர்களுக்குத் தெரிந்துபோயிற்று.

சந்திப்பு மகாபலிபுரத்தில், கடலை ஒட்டிய ஒரு ஓட்டல் புல்வெளியில் நடந்தது. உப்புக்காற்றில் ஷாமியானா படபடவென்று அடித்துக்கொண்டது. அட்டைச் செக் ரெண்டு தடவை பறந்துபோய், பிடித்துக்கொண்டு வந்தார்கள். குடும்பத்தோடு எல்லாரும் வந்திருந்தார்கள், கல்பாக்கத்தில் வேலை பார்க்கிறவர்கள் ஒரு பஸ் நிறைய. அந்தப் பெண்ணின் அப்பா, அம்மா, மாமா மூன்று பேரும் ஓரத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். மாமா மட்டும் காலாட்டிக்கொண்டிருந்தார்.

அவள் செக்கை வாங்கினாள். செயலாளர் "நேரம் கருதிச் சுருக்கமா" என்று மைக்கை நீட்டினார். அவள் சுருக்கமாகத்தான் பேசினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் சாரப் பாத்ததில்ல. எனக்கு ஸ்ட்ரெந்த்ல அரியர் இருந்திச்சி, எயுதி பாஸ் பண்ணேன். அதுக்கப்புறம் அம்மா வூட்ல உப்புமா சாப்பிட்டேன். ஜீரோ ஸ்லம்ப். ரோடு போடலாம்."

இடது பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பின்னால் ஒருத்தர். கல்பாக்கம் கும்பலில் நாலைந்து பேர் சேர்ந்தாற்போல். அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல், ஒவ்வொரு வரிசையிலும் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த மனைவிமார்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "இதுல என்னங்க சிரிப்பு?" என்று ஒருத்தி கேட்டது மேடைக்கே கேட்டது. கை தூக்காத ஆட்களை எல்லாம் நான் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தேன். சிரிக்கிற வாயை வைத்து அடையாளம் தெரிந்தது.

எல்லாருக்கும் மேலாக மைக்குக்குப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு. திரும்பிப் பார்த்தால் செயலாளர். இஸ்திரிச் சட்டை குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தையல் மெஷின் மேல் நோட்டை வைத்து எழுதின ஒல்லிப் பையன். "அட பாவி, நீயுமா?" என்றேன். மைக் திறந்திருந்தது. அதற்கும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணின் மாமா காலாட்டுவதை நிறுத்திவிட்டு, இத்தனை பெரிய மனிதர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவள் அப்பாவிடம் கேட்டார். "அல்லாரும் பெயிலானவங்கதாம் போலகீது" என்றார் அவர். மாமா கையை மடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார். அப்புறம் அந்த ஓட்டல் வேலைப் பேச்சே எழவில்லை.

கடைசியாகத் தலைமையுரை. பில்டர் எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைச் செருமினார்.

"சார் ரொம்பக் கண்டிப்பானவர். ஒரு நாள் நான் லேபுக்கு லேட்டா..."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவுக்குப் பிறகுமா?

"அப்பா" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். அவர் பையன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். அந்த செமஸ்டர் அவன் ஸ்ட்ரெந்த் பாஸ் செய்திருந்தான். "அந்தக் கதை வேணாம்பா. உப்புமாக் கதையச் சொல்லுப்பா."

பில்டர் அப்படியே நின்றார். பேப்பரைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டப் போனார். அவர் கையைப் பிடித்து இறக்கினேன்.

"நேரம் இருக்கு. சொல்லுப்பா" என்றேன்.